ஆடிய மேசை: ஒரு பூவரசு, இரண்டு முயற்சிகள்

2019 மார்ச்சில் நான் செய்த வேலை மேசை, அதே வருஷம் ஆவணியில் ஆட ஆரம்பித்துவிட்டது. இழைப்புளியை ஒரு தள்ளு தள்ளினால் மேல்பலகை நான்கு நூல் முன்னே போய்த் திரும்பி வரும். நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒன்று. மரவேலைக்காரர்கள் இன்றும் அப்படித்தான் கணக்குச் சொல்கிறார்கள். நான்கு நூல் என்றால் அரை அங்குலம். மரத்தைச் சீவுகிறேனா, மேசையோடு ஊஞ்சல் ஆடுகிறேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அந்த மேசை ஏன் ஆடியது, நான் என்னென்ன தப்பான வைத்தியம் பார்த்தேன், 2021இல் அதே மரத்தில் மறுபடி எப்படிச் செய்தேன் என்பதை எழுதி வைக்கிறேன். வீட்டில் சொந்தமாக ஒரு மேசை செய்ய நினைப்பவர்களுக்கு இரண்டாவது மேசையின் அளவைவிட முதல் மேசையின் கதைதான் அதிகம் உதவும்.

மரம் வந்த கதை

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிப் பக்கம். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியபோது கொல்லை வாய்க்கால் ஓரத்தில் நின்ற பூவரசு வேரோடு சாய்ந்தது. அப்பா போத்து வெட்டி நட்டு வளர்த்த மரம். அதன் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதாத பிள்ளை எங்கள் தெருவில் கிடையாது. தென்னை போன துக்கத்தில் பூவரசை யாரும் கணக்கிலேயே சேர்க்கவில்லை. விறகுக்குக் கேட்டு வந்தவர்களை அம்மாதான் திருப்பி அனுப்பினார்.

மின்சாரம் வந்து, அறுவை மில்லில் வரிசை குறைந்து, எங்கள் முறை வரத் தை பிறந்துவிட்டது. மில்லில் மரத்தை அளந்த விதத்தைப் பார்க்க வேண்டும். அடிமரத்தைச் சுற்றி ஒரு நூலைப் பிடித்தார்கள். அந்த நூலை நான்காக மடித்தார்கள். மடிப்பு 12 அங்குலம் வந்தது. பன்னிரண்டைப் பன்னிரண்டால் பெருக்கினால் 144 சதுர அங்குலம், அதாவது ஒரு சதுர அடி. கட்டை 7 அடி நீளம். ஆக 7 கன அடி. வட்டத்தின் உண்மையான பரப்பைப் போட்டுப் பார்த்தால் 9 கன அடிக்குக் கொஞ்சம் கீழே வரும். வித்தியாசம் பட்டையிலும், நான்கு பக்கமும் கழியும் வளைந்த பலகையிலும், மரத்தூளிலும் போய்விடும் என்று வைத்துத்தான் இந்தக் கணக்கு. ஒரு நூலும் நான்கு மடிப்பும் போதும், காகிதமே வேண்டாம்.

அறுத்ததும் உள்ளே கருஞ்சிவப்பாக வைரம், அதாவது மரத்தின் கெட்டியான நடுப்பாகம். அதைச் சுற்றி விரற்கடை அகலத்துக்கு வெளிறிய பாகம். அதற்குத் தொழிலில் வெள்ளை என்று பெயர். வெள்ளை இருக்கும் இடத்தில்தான் பூச்சி முதலில் விழும். காலுக்கு மூன்றரை அங்குலச் சதுரமாக எட்டுக் கட்டைகளும், சட்டத்துக்கு ஒன்றரை அங்குலப் பலகைகளும் எடுத்துக்கொண்டேன். பாதியை உடனே பயன்படுத்தினேன். மீதியை மாட்டுக் கொட்டகை ஓரம் அடுக்கி, நடுநடுவே காற்றுப் போகக் குச்சி வைத்து, முனைகளில் சாணி மெழுகி விட்டுவிட்டேன். அப்போது இடம் இல்லாததால் செய்த அந்தக் காரியம்தான் இரண்டாவது மேசையைக் காப்பாற்றியது.

முதல் மேசை

செய்முறையில் சொல்ல ஒன்றுமில்லை. மூன்று அங்குலச் சதுரத்துக்கு இழைத்த நான்கு கால். கால்களின் தலைப்பில் சுற்றிலும் மூன்று அங்குல அகலச் சட்டம், மூலைக்கு இரண்டு ஸ்க்ரூ. மேலே, புயலில் விழுந்த பக்கத்து வீட்டு மாமரத்தின் ஆறு அங்குலப் பலகை நான்கு, ஒவ்வொன்றின் இரண்டு ஓரத்திலும் இறுக்கமாக ஸ்க்ரூ. உயரம் 30 அங்குலம், சாப்பாட்டு மேசையைப் பார்த்து வைத்தது. இரண்டு நாளில் முடிந்துவிட்டது. மேலே ஏறி நின்று பார்த்தேன், அசையவில்லை. ஃபோட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன்.

ஏறி நின்று பார்த்தது தப்பான சோதனை என்பது அப்போது தெரியாது. மேலிருந்து கீழே வரும் பாரத்தை எந்த மேசையும் தாங்கும். நான்கு கட்டையை நட்டு ஒரு பலகையைச் சும்மா வைத்தாலே ஆள் நிற்கலாம். வேலை மேசைக்கு வரும் சோதனை பக்கவாட்டில். இழைக்கும்போது நீளவாக்கில் தள்ளுகிறோம், அறுக்கும்போது குறுக்கே இழுக்கிறோம்.

சித்திரை வெயிலில் மேல்பலகையில் முதல் வெடிப்பு. மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். திண்ணைப் பக்கம் ‘டப்’ என்று ஒரு சத்தம். தேங்காய் விழுந்ததோ என்று எட்டிப் பார்த்தால், இரண்டாவது பலகையின் நடுவில் மயிரிழை போல ஆரம்பித்து ஒரு சாண் நீளத்துக்குக் கீறல். ஆடியில் அது பத்துப் பைசா நுழையும் அளவுக்கு அகன்றது. மேசைக்கு அடியில் கோதுமை மாவு சலித்துக் கொட்டியது போலப் பொடி வேறு. மாமரம் உளுக்க ஆரம்பித்திருந்தது. ஆவணியில் ஆட்டம்.

நான் பார்த்த வைத்தியம்

முதலில் தரையைக் குற்றம் சொன்னேன். திண்ணைச் சிமெண்டுத் தரை மேடு பள்ளம்தான். ஒரு காலுக்கு அடியில் அட்டையை மடித்துச் சொருகினேன். டொக் டொக் என்று ஒரு கால் தூக்கியடிப்பது நின்றது, மேல்பலகை முன்னே பின்னே போவது நிற்கவில்லை. இரண்டும் வேறு வேறு நோய் என்று அப்போதே பிடிபட்டிருக்க வேண்டும். தரை சரியில்லாமல் ஆடும் மேசை, மூலைக்கு மூலை தூக்கும். உடம்பு சரியில்லாமல் ஆடும் மேசை, நான்கு காலும் தரையில் பதிந்தபடியே சாயும். காலுக்கு அடியில் ஆப்பு வைத்துவிட்டுத் தள்ளிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பிறகு ஸ்க்ரூவைக் கூட்டினேன். இரண்டு இருந்த இடத்தில் நான்கு. ஒரு மாதம் நின்றது. அப்புறம் நான்கும் தளர்ந்தன. அடுத்து, பின்பக்கம் மூலைக்கு மூலை சாய்வாக ஒரு ரீப்பர் அடித்தேன். இது வேலை செய்தது. செவ்வகத்தைச் சாய்க்கலாம், முக்கோணத்தைச் சாய்க்க முடியாது. நீளவாக்கில் ஆட்டம் பாதிக்கு மேல் குறைந்தது. குறுக்குவாக்கில் அப்படியே இருந்தது. அங்கும் சாய்வு அடித்தால் காலை நீட்ட இடமிருக்காது.

கடைசியாக, காலை மொத்தமாகப் போட்டிருந்தால் ஆடியிருக்காது என்ற முடிவுக்கு வந்தேன். நான்கு அங்குலக் கால் போடலாமா என்று கேட்கத்தான், எங்கள் வீட்டு நிலை கதவு செய்த பெரியவரைக் கூட்டி வந்தேன். எழுபது தாண்டியவர். கண் மங்கல், கை மங்கவில்லை.

“கால் மெல்லிசாப் போச்சோன்னு பாக்குறேன் தாத்தா.”

“காலுல என்ன தம்பி இருக்கு? யானைக் கால் போட்டாலும் இது ஆடும். மேசயக் கவுத்துப் போடுங்க.”

கவிழ்த்தோம். காலும் சட்டமும் சேரும் மூலையில் என் ஆட்காட்டி விரலைப் பாதி கால்மேலும் பாதி சட்டத்தின்மேலும் வைக்கச் சொன்னார். அவர் காலின் நுனியைப் பிடித்து மெல்ல ஆட்டினார். விரலுக்கு அடியில் அந்த இடுக்கு திறந்து மூடியது, மீன் வாயைத் திறந்து மூடுவது போல. கண்ணால் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. விரலுக்குத் தெரிந்தது.

“இங்க ஒரு இழை திறந்தா அங்க கால் நுனியில அரை அங்குலம். சேர்ற எடம்தான் மேச. மத்ததெல்லாம் சும்மா மரம்” என்றார். பிறகு பையிலிருந்து, மூலை சதுரமா என்று பார்க்கும் மூலமட்டத்தை எடுத்துக் காலின் மேல் வைத்தார். நான் மார்ச்சில் சதுரமாக இழைத்த கால். மட்டத்துக்கும் மரத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. அளந்தோம். 24 நூல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பக்கம் 23, அடுத்த பக்கம் இருபத்து மூன்றரை.

“பச்ச மரத்துல பண்ணிருக்கீங்க” என்றார். திட்டவில்லை. அதுதான் கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

என்ன நடந்தது

மூன்று காரணம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருக்கிறது. பெரியது ஈரம்.

மரத்தில் தண்ணீர் இரண்டு விதமாக நிற்கிறது. நுண்ணறைகளின் உள்ளே குடத்தில் தண்ணீர் போலக் கொஞ்சம். அறைச் சுவரிலேயே ஊறிப்போய்க் கொஞ்சம். உலரும்போது முதலில் போவது குடத்துத் தண்ணீர். அது போவதால் மரம் எடை குறையும், சுருங்காது. ஈரம் மரத்தின் உலர் எடையில் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் சுவர்கள் உலர ஆரம்பிக்கும், சுருக்கமும் ஆரம்பிக்கும். தையில் அறுத்த மரம் மார்ச்சில் மேலுக்கு நன்றாகக் காய்ந்து, எடையும் குறைந்து, என்னை ஏமாற்றியது. மூன்றரை அங்குலக் கட்டையின் உள்ளே அப்போதுதான் சுருக்கமே தொடங்கப்போகிறது. மேசை ஐந்து மாதம் நன்றாக நின்றுவிட்டு அப்புறம் ஆடியதற்கு விளக்கம் இதுதான்.

சுருக்கம் எல்லாத் திசையிலும் ஒன்றாக வருவதில்லை. நீளத்தில் ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். குறுக்கேதான் எல்லாம். அதிலும் வளர்ச்சி வளையத்தை ஒட்டிப் போகும் திசையில், நடுவிலிருந்து வெளியே போகும் திசையைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. என் காலில் ஒரு பக்கம் ஒரு நூல், மறுபக்கம் அரை நூல் குறைந்தது தற்செயல் அல்ல. சதுரமாக இழைத்த பச்சை மரம் சதுரமாகவே காயாது. ஸ்க்ரூவின் நீளம் மாறவில்லை. அது பிடித்திருந்த மரம் சுருங்கியது. ஆகவே தளர்ந்தது. கூடுதலாகப் போட்ட ஸ்க்ரூக்களுக்கும் அதே கதி, ஏனென்றால் அப்போதும் மரம் சுருங்கிக்கொண்டே இருந்தது.

மேல்பலகை வெடித்ததும் இதனால்தான். ஆறு அங்குலப் பலகை இரண்டு நூல் சுருங்கப் பார்க்கிறது. இரண்டு ஓரத்தையும் ஸ்க்ரூ பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்கிறது. நடுவில்தான் வழிவிட வேண்டும். ஒரு ஓரத்தை மட்டும் இறுக்கி, மறு ஓரத்தில் துளையைப் பலகையின் அகலவாக்கில் கொஞ்சம் நீட்டிப் போட்டு வாஷர் வைத்திருந்தால் பலகை நகர்ந்து பிழைத்திருக்கும்.

இரண்டாவது காரணம் நெம்புகோல். இழைக்கும்போது பத்துக் கிலோ விசையில் தள்ளுகிறேன் என்று வையுங்கள். அது நான்கு காலுக்குப் பிரிந்தால் காலுக்கு இரண்டரை கிலோ. ஆனால் கால் 30 அங்குல நீளமுள்ள கடப்பாறை. மூன்று அங்குலச் சட்டத்தில் இரண்டு ஸ்க்ரூவுக்கும் இடைவெளி இரண்டு அங்குலம்தான். இரண்டரையை முப்பதால் பெருக்கி இரண்டால் வகுத்தால் ஏறக்குறைய 37 கிலோ. ஒவ்வொரு தள்ளுக்கும் ஒவ்வொரு மூலையும் அவ்வளவு பிடுங்கலைத் தாங்க வேண்டும். ஒரு பலகையை இழைக்க நூறு தள்ளு. காலை மொத்தமாக்கினால் இந்தக் கணக்கில் ஒரு எண்கூட மாறாது. சட்டத்தை அகலமாக்கினால் மாறும். கீழே இன்னொரு சட்டம் கொடுத்தால் இன்னும் மாறும்.

மூன்றாவது, கீழ்ச்சட்டம் இல்லாதது. கால்களைக் கீழே ஒன்றோடொன்று பிடிக்க எதுவும் இல்லை. சுருங்கும் மரத்தை எப்படிச் சேர்ப்பது என்பதற்கோ பாடம் வீட்டிலேயே இருந்தது. பாட்டியின் கயிற்றுக் கட்டில் ஒன்று கிடக்கிறது. அன்று சாயங்காலம் அதையும் கவிழ்த்துப் பார்த்தேன். காலில் துளை, சட்டத்தில் நாக்கு. பசை கிடையாது, ஆணி கிடையாது. நாக்கு துளைக்குள் தளர்வாகத்தான் இருக்கிறது. கயிற்றை இறுக்கப் பின்னும்போது அந்த இழுப்பே நான்கு சட்டத்தையும் காலோடு அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. மரம் சுருங்கித் தளர்ந்தால் கால்மாட்டில் கயிற்றை இழுத்துக் கட்டினால் போதும். மரம் சுருங்கும் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு செய்த சாமான் அது. என் மேசை மரம் சுருங்காது என்று நம்பிச் செய்தது.

மறுபடி

2021 மே ஊரடங்கில் கொட்டகை ஓரத்து அடுக்கைப் பிரித்தேன். இரண்டு வருஷமும் நான்கு மாதமும் ஆகியிருந்தது. காய்ந்ததா என்று இந்த முறை கையை வைத்துப் பார்க்கவில்லை. ஒரு கட்டையின் முனையைக் கழித்துவிட்டு, நடுவிலிருந்து ஒரு துண்டு வெட்டிச் சமையல் தராசில் வைத்தேன். 412 கிராம். பத்து நாள் திண்ணையில் கிடந்த பிறகு 411. எடை ஓரிடத்தில் நின்றுவிட்டால் மரம் அந்த ஊர்க் காற்றோடு சமாதானமாகிவிட்டது என்று அர்த்தம்.

உயரத்தை என் மணிக்கட்டுக்கு வைத்தேன். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு தரையிலிருந்து முப்பத்திரண்டரை. கால் 31 அங்குலம், மேல்பலகை ஒன்றரைக்குக் கொஞ்சம் குறைவு. நான்கு காலுக்கும் சேர்த்து முக்கால் கன அடி மரம்கூட ஆகவில்லை. மூன்று அங்குலச் சதுரமேதான். மொத்தமாக்கவில்லை.

இரண்டு பக்கச் சட்டகங்களைத் துளை, நாக்கு போட்டுப் பசையிட்டு, மூங்கில் ஆணி அறைந்து நிரந்தரமாக்கினேன். கிளாம்ப் போதவில்லை. கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி நடுவில் குச்சி விட்டு முறுக்கினால் எந்தக் கிளாம்பும் தோற்கும். முறுக்கிய பிறகு மூலைக்கு மூலை நூல் பிடித்து இரண்டு குறுக்களவும் ஒன்றா என்று பார்த்துவிட வேண்டும். பசை காய்ந்த பிறகு பார்த்துப் பயனில்லை.

நீளவாக்கில் மேலே ஐந்து அங்குல அகலச் சட்டம், போல்ட் போட்டு. கீழேயும் ஐந்து அங்குலச் சட்டம். அதற்குத்தான் ஆப்பு. சட்டத்தின் நாக்கு காலைத் துளைத்து வெளியே இரண்டரை அங்குலம் நீளும். நீண்ட நாக்கில் ஒரு துளை, அதில் கருவேல ஆப்பு. ஆப்பை அடிக்க அடிக்கச் சட்டத்தின் தோள், அதாவது நாக்கு தொடங்கும் இடத்துப் படி, காலோடு போய் ஒட்டும்.

கேட்க எளிதாக இருக்கும் இதில் முதல் துளையைக் கெடுத்தேன். நாக்கின் துளை காலின் வெளிமுகத்தோடு சரியாக ஆரம்பிக்குமாறு கோடு போட்டு வெட்டிவிட்டேன். ஆப்பு அடிவரை இறங்கி நாக்கின் துளைச்சுவரில் முட்டி நின்றது, இடுக்கு அப்படியே. துளை காலின் முகத்துக்கு ஒரு நூல் உள்ளே தள்ளி ஆரம்பிக்க வேண்டும். அப்போதுதான் ஆப்பு காலின்மேல் சாய்ந்து நாக்கை வெளியே இழுக்கும். அந்த ஒரு நூல் இல்லாவிட்டால் ஆப்பு வெறும் அலங்காரம். துளைக்கு அப்பால் நாக்கின் நுனியில் ஒரு அங்குலமாவது மரம் மிச்சம் இருப்பதும் முக்கியம். இல்லையென்றால் ஆப்பு அதைப் பெயர்த்துக்கொண்டு போகும். கெட்ட துளையை உளியால் ஒரு நூல் உள்ளே நகர்த்தி, அகன்றுபோன துளைக்குத் தக்கபடி கனமான ஆப்பு ஒன்று சீவிப் போட்டேன். நான்கில் ஒன்று மட்டும் தடியாக இருப்பது இன்றும் தெரியும்.

புளியங்கட்டைக் கொட்டாப்புளியால் ஆப்பை அடிக்கும்போது சத்தத்தைக் கேட்க வேண்டும். முதலில் தொளதொளவென்று ‘தொப் தொப்’. இறுக இறுக ‘டக்’. பிறகு சட்டம், கால் எல்லாம் சேர்ந்து ஒரே கட்டை போல ‘டங்’. அதற்கு மேல் ஒரு அடியும் கூடாது.

மேல்பலகைக்கு இந்த முறை மரம் போடவில்லை. ப்ளைவுட். அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டியிருப்பதால் அது சுருங்குவதும் விரிவதும் சொற்பம். கடை பாதி நாள் திறந்த ஒரு காலையில், எட்டுக்கு நான்கு, 18 மில்லிமீட்டர், சாதாரண உபயோகத்துக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 303 முத்திரை உள்ளது ஒன்று வாங்கினேன். வெளியில் மழையில் நனையப்போவதில்லை என்றால், தண்ணீரைத் தாங்கும் மரைன் ப்ளைவுட்டான ஐஎஸ் 710க்குச் செலவழிக்க வேண்டாம். வாங்கும்போது நான்கு ஓரத்தையும் பாருங்கள், உள் அடுக்கில் ஓட்டை இருந்தால் அங்கே காட்டிக்கொடுத்துவிடும். ஐந்து அடியில் குறுக்கே ஒரு வெட்டு, அந்தத் துண்டை நடுவே ஒரு வெட்டு. இரண்டு ஐந்துக்கு இரண்டு கிடைக்கும். ஒன்றன்மேல் ஒன்று பசை தடவி அடுக்கி, வீட்டில் இருந்த நான்கு நெல் மூட்டையை மேலே ஏற்றி ராத்திரி முழுக்க விட்டேன். மிச்சம் மூன்றுக்கு நான்கு கீழ்த்தட்டுக்கு ஆனது.

தரைக்கு வருவோம். கால்களை மாற்றி மாற்றி அறுத்து மேசையை மணையாக்கிய கதை எல்லா ஊரிலும் உண்டு. மேல்பலகையில் ரசமட்டம் வைத்து, குமிழி நடுவில் நிற்கும்வரை கால்களுக்கு அடியில் ஆப்புச் சொருகினேன். எந்தக் கால் அதிகம் தூக்கியிருக்கிறதோ அந்த உயரத்துக்கு ஒரு கட்டையைச் சீவி, அதன்மேல் பென்சிலைப் படுக்க வைத்து நான்கு காலையும் சுற்றிக் கோடு இழுத்தேன். கோட்டில் அறுத்தேன். ஒரே தடவைதான். இப்போது அந்த மேசை திண்ணையில் அந்த ஒரே இடத்தில்தான் சரியாக நிற்கும்.

கடைசியில் ஆளிவிதை எண்ணெய் இரண்டு தடவை பூசினேன். துடைத்த துணியைச் சுருட்டிப் போடக் கூடாது. காயும்போது சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்துக் கொடியில் விரித்துவிட வேண்டும்.

இப்போது

முதல் மேசை ஆடிய அதே தள்ளுக்கு இதன்மேல் வைத்த டம்ளர் தண்ணீரில் அலை மட்டும் தெரிகிறது. டம்ளர் நகரவில்லை. முழுக்கத் திருப்தி என்று சொல்ல மாட்டேன். மேல்சட்டத்து போல்ட்டுகளை வருஷத்துக்கு ஒரு தடவை ஸ்பேனர் போட்டு இறுக்க வேண்டியிருக்கிறது. அங்கும் ஆப்பே போட்டிருக்கலாம். ப்ளைவுட் ஓரம் இரண்டு இடத்தில் சிதைந்துவிட்டது. சுற்றிலும் மரப்பட்டி அடிக்கச் சோம்பல்பட்டதன் பலன்.

ஆப்புகளில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். ஆப்பு இறுகி நின்ற இடத்தில், நாக்கின் மேல்விளிம்பை ஒட்டிப் பென்சிலால் ஒரு கோடு. சித்திரை வெயிலில் மரம் ஒடுங்கும்போது ஆப்பு கொஞ்சம் தளரும், ஒரு தட்டுத் தட்டுவேன், கோடு உள்ளே போய்விடும், புதுக்கோடு போடுவேன். ஐப்பசி மழையில் மரம் பருத்துத் தானே இறுகிக்கொள்ளும், அப்போது தொட மாட்டேன். முதல் வருஷக் கோட்டுக்கும் இரண்டாம் வருஷக் கோட்டுக்கும் இடைவெளி ஒரு விரற்கடை இருந்தது. இரண்டுக்கும் மூன்றுக்கும் அதில் பாதி. போன சித்திரையில் கொட்டாப்புளியை எடுத்துப் போய்த் தட்டினேன், ‘டங்’ என்றது. கோடு போட இடமே நகரவில்லை.